அழைக்க வேண்டாம், எழுதவும்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் உன் மனைவியும் புது வரவும் நலமா? குழந்தையின் படம் பார்த்தேன். நம் வீட்டு மூக்கு அப்படியே வந்திருக்கிறது, பாவம்.

குறுஞ்செய்தியில் உன்னைத் திட்டினால் ஒரு சிரிப்புப் படத்தை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறாய். அதனால்தான் கடிதம்.

நேற்றும் ஒரு வேலை கைவிட்டுப் போனது. உங்கள் கம்பெனி செயலியில், என்னைப் போன்ற தையல் மெஷின் மெக்கானிக்குகளுக்கு வேலை வந்தால் எப்படித் தெரிவிப்பது என்று ஒரு பட்டியல் இருக்கிறதே: தொலைபேசி அழைப்பு, குறுஞ்செய்தி, மின்னஞ்சல். காலையில் உள்ளே நுழைந்ததும் குறுஞ்செய்தியைத் தேர்ந்தெடுக்கிறேன். பக்கத்தை மூடித் திறந்தால் மறுபடியும் முதலில் இருக்கும் அழைப்புக்கே போய் நிற்கிறது. காது கேட்காதவளுக்கு அழைப்பு! அதுவும் என்னைச் சேர்க்கும்போது அழைப்புக்கு மட்டும் என்று நீ எழுதிக்கொடுத்த உன் எண்ணுக்கு. நீ மீட்டிங்கில் இருப்பாய், இல்லாவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருப்பாய். மணி அடித்து ஓய்ந்ததும் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடுகிறது.

இன்னும் ஒரு முறை தவறினால் என் பெயரையே எடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. இந்தத் தொழிலை நான் யாரிடமும் கெஞ்சிக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு பட்டியலின் முதல் வரியால் அதை இழக்க மாட்டேன். ஒரு தடவை சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ள உங்கள் செயலிக்கு என்ன கேடு?

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. மேலாளரிடம் பேசினேன். "ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் பிரிச்சுப் போட முடியுமாப்பா? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் வரை உன்னை விட்டுவிடுவேனா? உன் கணக்கை மட்டும் பின்பக்கமாகத் திறந்து, குறுஞ்செய்தியிலேயே நிற்கும்படி செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது, நீயும் மூச்சு விடாதே. அதுவும் சொதப்பினால் இருக்கவே இருக்கிறது என் எண். சின்ன வயதிலிருந்து உன் போனை நான்தானே எடுக்கிறேன்?

குழந்தை இப்போது என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது. இந்தக் கடிதம் ஒரு கையால் எழுதியது. எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

'அன்புள்ள' போடவில்லை. கோபமாக இருக்கிறேன்.

செய்ததை உடனே பழையபடி மாற்று. அது வெளியே தெரிந்தால் உன் வேலை போகும். எனக்கோ, கொல்லைப்புறமாக வந்தவள் என்ற பெயர்.

சின்ன வயதிலிருந்து என் போனை நீதான் எடுக்கிறாய். பள்ளிக்கூடத்தில், டாக்டரிடம், எல்லா இடத்திலும் நீதான் வாய். பெண் கேட்டு வந்த மனிதருக்குக்கூட, "அக்காவுக்குப் பிடிக்கலையாம்" என்று நீயே சொல்லி அனுப்பினாய். சரியான பதில்தான். ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் பாசத்தில் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு நாற்பது வயதாகிறது. என்னைத் தேடுகிறவர்கள் என்னிடம் வர வேண்டும். உன் தயவில் அல்ல, முறைப்படி.

கூட வேலை செய்கிறவர்களைக் கேட்டேன். தினம் தினம் அதையே மாற்றிச் சலித்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்குப் புகார் அனுப்பியிருக்கிறோம். இனி நான் 'ஒரு ஆள்' இல்லை என்று உன் மேலாளரிடம் சொல்.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பழையபடி மாற்றிவிட்டேன். கோபம் தணிந்ததா?

உங்கள் புகார் வந்ததும் மேலாளர் ஆடிப்போய்விட்டார். ஆடியவர் சும்மா இருந்தாரா? ஒரே போடாக எல்லோருக்கும் குறுஞ்செய்தியை முதலில் வைத்துவிட்டார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மறுநாள் காலையிலிருந்து மற்ற மெக்கானிக்குகளின் அர்ச்சனை முழுக்க எனக்குத்தான். ஓவர்லாக் மெஷின் பார்க்கிற பெரியவர் ஒருவர், "கை முழுக்க எண்ணெய். இதுல மெசேஜ் வேற தடவிப் பாத்துட்டு இருக்கணுமா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தானே?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எது முதலில் நிற்க வேண்டும் என்று நாங்கள் இங்கே உட்கார்ந்து சண்டை போட்டதே தப்பு. அதைச் சொல்ல வேண்டியது அவரவர். மேலாளரும் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ ஆரம்பிச்ச வினை, நீயே முடி" என்றார்.

இப்போது பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். எதன் நட்சத்திரத்தைத் தொடுகிறாயோ, இனி அதுதான் முதலில் நிற்கும், நீயாக மாற்றும்வரை. முதலில் செய்தபோது அசடு வழிந்தேன்: தேர்வைக் கணக்கில் சேமிக்காமல் கைபேசியில் சேமித்துவிட்டேன். வேறு கணினியில் திறந்தால் நட்சத்திரம் மாயம். அதையும் சரிசெய்தாயிற்று. திங்கட்கிழமை எல்லோருக்கும் வருகிறது.

தம்பி

ஏப்ரல் 2

என் அன்புத் தம்பிக்கு,

இந்தத் தடவை 'அன்பு' மட்டுமல்ல, முன்னால் ஒரு 'என்'னும் போட்டிருக்கிறேன்.

திங்கள் காலையிலேயே நட்சத்திரத்தைத் தொட்டுவிட்டேன். நம்பாமல் மூடித் திறந்தேன், கைபேசியை அணைத்துப் பார்த்தேன், பக்கத்துக் கடைக் கணினியிலும் பார்த்தேன். குறுஞ்செய்தி அசையாமல் நின்றது. ஓவர்லாக் பெரியவர் அழைப்புக்கு நட்சத்திரம் போட்டுக்கொண்டார். காஜா மெஷின்காரி மின்னஞ்சலுக்குப் போட்டாள்; அதை யார் படிப்பார்கள் என்று கேட்டேன், "நான் படிப்பேன்" என்றாள். சரி, அவள் பாடு.

நேற்றுதான் பெரிய சேதி. பெரிய தொழிற்சாலையில் ஒரு வரிசை முழுவதும் மெஷின்கள் நின்றுவிட்டன. இடுப்பில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எனக்கே எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால் போய் நின்றேன். நூலைப் பிடிக்கும் ஹூக்கும் ஊசியும் சந்திக்கும் இடம் தள்ளிப்போயிருந்தது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஓடவிட்டபோது மேஜைகள் அதிர்ந்தன, அந்த அதிர்வு என் உள்ளங்கை வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு வேலையை என் பெயருக்கே எழுதிவிட்டார்கள்.

கிளம்பும்போது மேற்பார்வையாளர் தன் கைபேசியில் தட்டிக் காட்டினார்: "பழக்கதோஷத்துல முதல்ல உங்க தம்பிக்குத்தான் போட்டேன். எடுக்கவே இல்ல. அப்புறம்தான் செயலிக்குப் போய் உங்களுக்கே அனுப்பினேன்."

ஏன் எடுக்கவில்லை? குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? உடனே எழுது.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்கு ஒன்றுமில்லை, கொழுகொழுவென்று இருக்கிறது. போன் என் கையில்தான் இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்றும் தெரிந்தது. எடுக்கச் சொல்லிக் கை பரபரத்தது. மணி ஓயும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உனக்கு வந்த வேலையை நான் எதற்கு எடுக்க வேண்டும்?

உன் கடிதம் வந்ததும் அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன். மேலாளர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார். "எங்க அக்கா ஜெயிச்சிட்டா சார்" என்றேன்.

உன் கணக்கில் இன்னும் என் எண் கிடக்கிறது. அதை எடுத்துவிடு. எனக்கு ஒரு நிமிட வேலைதான், ஆனால் நான் தொடமாட்டேன்.

தம்பி