காது வைத்த செம்புச் சட்டி

இன்று காலை எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வந்திருந்தார். துருத்தியை ஊதி, பித்தளைக் குண்டாவைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவினார். எழுந்த வெள்ளைப் புகை சன்னல் வழியாக என் மேசை வரைக்கும் வந்தது. மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி. உடனே உன் நினைவு வந்தது என்று எழுதுவதுதான் முறை. ஆனால் எனக்கு முதலில் வந்தது உன் மேலுள்ள பொறாமை. நீ போய் இரண்டு வருடமாகிறது, அது இன்னும் போகவில்லை. இந்த வயதில் இதை வேறு யாரிடம் சொல்வேன்? உன்னிடம்தான் சொல்ல முடியும்.

நான் அப்போது காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். நீ அதே எஸ்டேட்டின் பங்களாவில் பட்லருக்கு அடுத்த ஆள். மிஷன் பள்ளியில் படித்த நான் பிழையில்லாமல் ஆங்கிலக் கடிதம் எழுதுவேன். நீ தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். துரைமார் வீட்டில் ஒரு கேக் தட்டு வேண்டுமென்றால்கூடச் சென்னைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்த காலம் அது. ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பகுதியில் பங்களாக்களுக்கென்றே ஒரு பாத்திரக் கடை போடலாம் என்று சொன்னவன் நீ. நல்ல வேலையை விட்டுவிட்டு வருவதா என்று நான் பயந்தேன். நாலு மாதம் யோசித்துவிட்டுத்தான் வந்தேன்.

சீமைப் பட்டியல்களைப் படித்துச் சரக்கு வரவழைப்பது என் பொறுப்பு, வாங்க வருகிறவர்களிடம் பேசுவது உன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். நான் ஒவ்வொரு பாத்திரத்தையும் அளவு வாரியாக அடுக்கி, சீட்டெழுதி ஒட்டிவைப்பேன். யாராவது சமையல்காரர் வந்தால் நீ ஐந்தாறை இறக்கித் தரையில் பரப்பிவிட்டு, அவரோடு குந்தி உட்கார்ந்து அவர் வீட்டுக் கதையெல்லாம் கேட்பாய். மாலையில் எல்லாவற்றையும் மறுபடி அடுக்குபவன் நான். வாசலில் நுழையும்போதே, “அவரு இல்லீங்களா?” என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பேன்.

வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த துரைசாணி, சமையலறைக்கு வேண்டியது எல்லாவற்றையும் அனுப்பச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தனுப்பியது உனக்கு நினைவிருக்கும். அது என் வாழ்நாளின் நல்ல பட்டியல். பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். நீளக் கைப்பிடி வைத்த சீமைச் செம்புச் சட்டிகள் மட்டும் ஏழு, ஒன்றைவிட ஒன்று பெரியதாக. துரைசாணி என் கையெழுத்தைப் பாராட்டி இரண்டு வரி எழுதியிருந்தாள். அதை உனக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன்.

இரண்டு வாரத்தில் அந்தப் பங்களாவின் சமையல்காரர், வலது காலில் துணி சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் அந்த ஏழில் பெரிய சட்டி. கொதிக்கும் சூப்போடு அடுப்பிலிருந்து இறக்கும்போது அது புரண்டு காலில் கொட்டிவிட்டது. நான் பட்டியல் புத்தகத்தை எடுத்து, பெரிய சட்டியென்றால் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்று படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நீ அந்தச் சட்டியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அவர் எதிரில் வைத்துத் தூக்கிக் காட்டச் சொன்னாய். அவருடைய வலக்கை கைப்பிடியைப் பற்றியது. இடக்கை தோள் துண்டின் நுனியை மடித்துக்கொண்டு, தானாகவே சட்டியின் மறுபக்கம் போய்த் தடவிவிட்டு அந்தரத்தில் நின்றது.

“இல்லாத காதைத் தேடுதப்பா அந்தக் கை” என்றாய்.

நானும் அதே கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது சட்டி பிடிக்கத் தெரியாத ஒரு மனிதர் மட்டும்.

மறுநாள் மலையிறங்கி, செம்புப் பாத்திரம் அடிக்கும் சேலத்துக் கன்னாரிடம் போனாய். கைப்பிடிக்கு நேர் எதிரே, நம் ஊர் அண்டாவுக்கு இருப்பதுபோல ஒரு காது வைத்து ஆணி அறைந்து, உள்ளே புதிதாக ஈயம் பூசிக் கொண்டுவந்தாய். உன் சட்டையெல்லாம் நவச்சார நெடி. அந்த மாதத்திலேயே மலையிலிருந்த பங்களாச் சமையல்காரர்கள் எல்லாரும் தங்கள் சட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு சேலத்தில் ஒரு கடை, குன்னூரில் ஒன்று, கோடைக்கானலில் ஒன்று. தண்ணீர் நிரப்பிச் சமைப்பவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் எந்தப் பாத்திரத்தையும் விற்கக் கூடாது என்பது நாலு கடைக்கும் சட்டமாயிற்று. நான் அடுக்கிய அலமாரிகளைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

கோடைக்கானல் கடை திறப்புக்கு நீ போயிருந்தபோது, தோட்டத் துரைமார் படிக்கும் ஆங்கில வாரப் பத்திரிகைக்காரர் ஒருவர் ஏற்காட்டுக் கடைக்கு வந்தார். கடைகளின் வரலாற்றை எழுதப்போவதாகச் சொல்லி, சட்டிக்குக் காது வைக்கும் யோசனை யாருடையது என்று கேட்டார்.

நான்தான் என்றேன்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். ஆனால் அன்று திக்கவில்லை. சமையல்காரர் வந்தது, தண்ணீர் ஊற்றியது, அந்தரத்தில் நின்ற கை, எல்லாவற்றையும் என்னை வைத்தே சொன்னேன். நன்றாகவும் சொன்னேன்.

பத்திரிகை வந்ததும் அதைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னாய். என் பெயர் வந்த இடத்திலெல்லாம் உன் பெயரைப் போட்டுப் படித்தேன். சட்டியைப் பற்றிய பகுதியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாய். இரண்டாவது முறையும் அப்படியே படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு நாலு கடையிலும் மாட்டிவிடு என்றாய். வேறு வழியில்லாமல் மாட்டினேன். ஆங்கிலம் தெரிந்த பட்லர் யாராவது அதன் எதிரில் நின்றால் நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்று சட்டி விலை சொல்லத் தொடங்குவேன்.

ஒரு நாள் அது நடந்தது. நான் பின்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளக்கடைப் பக்கத்துப் பங்களாவின் பட்லர் உன்னிடம் கேட்டார்:

“ஏனுங்க, காது வெச்சது நீங்கதானுங்களே? இதுல வேற பேரு போட்டிருக்குதுங்களே?”

“தெரியுமுங்க. அவன் படிச்சுக் காட்டுறப்பவே தெரிஞ்சுபோச்சு. என்ற பேரு வர்ற எடத்துல எல்லாம் நின்னு நின்னு படிச்சான்.”

“அப்புறம் எதுக்குங்க மாட்டி வெச்சிருக்கறீங்க?”

“உடுங்க. அவனுக்கு அது நொம்ப வேணும். எனக்குச் சட்டி வித்தாப் போதும்.”

நீ சத்தம் போட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கடையை விட்டுப் போ என்றிருந்தால் போயிருப்பேன். அந்தப் பேச்சைக் கேட்டபின் என்னால் பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. யோசனையில்தான் நீ என்னை முந்தினாய் என்று நினைத்திருந்தேன். மன்னிப்பதிலுமா முந்த வேண்டும்? அதன் பிறகு நீயே வருகிறவர்களிடம் காது வைத்தது நான்தான் என்று சொல்லத் தொடங்கினாய். நான் மறுத்ததில்லை. மறுத்தால் உன்னை வெட்கப்படுத்தியதாகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமல்ல என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் உன் மகன் வந்திருந்தான். துரைமார் கப்பலேறிப் போன பிறகும் கடைகளை நிலைநிறுத்திக் காட்டியவன் அவன். அந்தச் சாமர்த்தியம் உன்னுடையது. ஐந்தாவது கடை திறக்கிறானாம். திறப்பன்று எல்லாருக்கும் கொடுக்க, கடைகளின் வரலாற்றைச் சிறு புத்தகமாக நான் எழுதித் தர வேண்டும் என்றான். இத்தனை வருடம் கழித்து வாயைத் திறந்தேன். பத்திரிகைக்காரரிடம் சொன்ன பொய், உன்னிடம் மாற்றிப் படித்தது, பெட்டிக்குப் பின்னால் கேட்டது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

அவன் சிரித்தான்.

“அப்பா சொன்னது செரியாத்தான் இருக்குதுங்க, சித்தப்பா. ‘எப்பவாச்சும் கேட்டீன்னா அவன் என்ற பேரைத்தான் சொல்லுவான், நம்பிப்போடாத கண்ணு’ன்னாருங்க.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் தன்னடக்கத்தை மெச்சிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். திருடியதைத் திருப்பித் தருவதற்கும் வழியில்லாமல் அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். சட்டிக்குக் காது வைத்த இடத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. அச்சுக்குப் போகுமுன் உன் மகன் அதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுவான், நிச்சயமாகப் போடுவான். தடுக்க வேண்டும் என்று இன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். போட்டால் போடட்டும் என்று உள்ளே ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்த மனத்தோடுதான் உன் பக்கத்தில் அத்தனை வருடமும் நின்றேன். நீ போன பிறகும் என்னை விட்டுப் போகாமல் கூட இருப்பது அது ஒன்றுதான்.