ஒரு நாள் என்றார்கள், ஆறு நாள் இருந்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அண்ணன், ஏழு மாத வயிற்றோடு உன் அண்ணி, எல்லோரும் சௌக்கியம். அங்கே தானும் பேரனும் சௌக்கியம் என்று மாப்பிள்ளை சொன்னார். உன் சௌக்கியத்தைப் பற்றி நீ சொல்வதை மட்டும் நான் நம்புவதாக இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் நான் வாயைத் திறக்கும்போதே "சரிப்பா, சரிப்பா, குழந்தை அழுறான்" என்று வைத்துவிடுகிறாய், அவன் அழுகிற சத்தம் ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை.

போன மாதம் எனக்கு நெஞ்சு வலி வந்ததும், டாக்டர் இதய ஸ்கேன் எழுதிக் கொடுத்ததும் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்ததை, அப்பாவின் மானம் போகும் என்று யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். கையில் ஊசி போட்டு, கதிர்வீச்சு உள்ள ஒரு மருந்தை ஏற்றி, அது ரத்தத்தோடு நெஞ்சுக்குள் போவதைப் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு படிவம். கர்ப்பமாக இருக்கிறீர்களா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி, எல்லோருக்கும் ஒரே படிவம் போலிருக்கிறது. இல்லை என்று போட்டுவிட்டுப் போகாமல், "நான் இல்லை, மருமகள் ஏழு மாதம், மகள் பால் கொடுக்கிறாள் ஆனால் தூரத்தில் இருக்கிறாள்" என்று விவரமாக எழுதிவைத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் அதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. படமெல்லாம் எடுத்து முடித்து, "நிறைய தண்ணி குடிங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மருமக பக்கத்துல ரொம்ப நேரம் ஒட்டி உட்காராதீங்க, அவ்வளவுதான்" என்று அனுப்பிவைத்தாள். முடிவும் பயப்படும்படி இல்லை, மாத்திரையோடு போயிற்று.

ஆனால் உன் அப்பன் தையல்காரன் அல்லவா? முப்பத்தேழு வருடமாக யார் என்ன அளவு சொன்னாலும் உள்ளே இரண்டு விரல் துணி கூடுதலாக விட்டே வெட்டிப் பழகிய கை. ஒரு நாள் என்றால் நான் ஆறு நாள் விட்டேன். பக்கத்தில் உட்காராதே என்றால் கூடத்தையே இரண்டாக்கி, கடைச் சாக்குக்கட்டியால் தரையில் கோடு போட்டு, ஜன்னல் ஓரத்தில் பாயை விரித்துவிட்டேன். அண்ணி சாப்பாட்டுத் தட்டைக் கோட்டருகே வைத்துவிட்டு, துடைப்பத்தால் என் பக்கம் தள்ளிவிடுவாள். அவளுக்கு உடுப்பெல்லாம் பற்றாமல் போய், அவசரமாக ஒரு கவுன் தைக்க வேண்டியிருந்தது. கிட்டே போய் அளவெடுக்க முடியாதே, டேப்பைத் தூக்கிப் போட்டு அவளையே அளந்துகொள்ளச் சொன்னேன். அவளும் வயிறு இன்னும் பெரிதாகுமே என்று கொஞ்சம் கூட்டிச் சொன்னாள், நானும் வழக்கம்போல் கூட்டி வெட்டினேன். அதில் அண்ணியும் அண்ணனும் சேர்ந்தே நுழையலாம். இப்போது தையல் மிஷினுக்கு உறையாகக் கிடக்கிறது. அம்மாவோ, "கல்யாணமான நாள்லேருந்து இந்த மனுஷன் இவ்வளவு அடக்கமா ஒரு இடத்துல உட்கார்ந்து நான் பார்த்ததில்ல, யாரும் கலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆறாம் நாள் அண்ணி பொறுக்க முடியாமல் ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போன் போட்டாள். எனக்குப் போட்ட மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதி பாதியாகக் குறைந்துவிடுமாம், "மறுநாளே கோட்டை அழிச்சிருக்கலாமே, உங்க மாமா இன்னும் யாருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கார்" என்று அந்தப் பெண் கேட்டாளாம். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாப்பிள்ளையின் போன் வந்தது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி, பாதியிலேயே குழந்தையோடு உட்கார்ந்துவிடுகிறாயாம். டாக்டர் இதே மாதிரி ஸ்கேன் எழுதியும், பால் விஷமாகிவிடும் என்று ஆபீஸில் யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டுவிட்டாயாம். அன்று முழுக்க எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே அந்த ஸ்கேன் பெண்ணைப் பார்த்து உன் விஷயத்தைக் கேட்டேன், இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "பால் கொடுக்கிறதை முன்னாடியே சொல்லச் சொல்லுங்க. ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு வேற. சிலதுக்குப் பாலை நிறுத்தவே வேண்டாம், சிலதுக்குச் சில மணி நேரம், சிலதுக்கு அதுக்கும் மேல. தெரிஞ்சா தோதான மருந்தாப் பார்ப்பாங்க, இல்லாட்டி வேற டெஸ்ட் போதுமான்னு யோசிப்பாங்க. வேணும்னா பாலை முன்னாடியே எடுத்து வெச்சுக்கலாம்" என்றாள். எத்தனை மணி நேரம் என்பதை உன் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், என் பேச்சைக் கேட்காதே, நான் ஆறு நாள் ஆள். இன்னொன்று, நாள் தள்ளிப்போயிருக்குமோ என்று துளி சந்தேகம் இருந்தாலும் அதையும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டுமாம். இதை அப்பா எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது, அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள்.

என் பயத்தால் போனது ஒரு கவுன் துணி. உன் பயம் அப்படி இல்லை, மகளே. ஒரு நாள் புட்டிப்பால் குடித்ததைப் பேரன் பெரியவனாகி ஞாபகம் வைத்திருக்கப்போவதில்லை. ஆனால் அந்தப் படியில் நீ உட்கார்ந்தவள் எழுந்திருக்காமல் போனால்... இந்த வரியை மூன்று தடவை அடித்துவிட்டேன். மேலே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இதுவரை எழுதியதை அம்மா வாங்கிப் படித்தாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தாள். "நீங்க போயிட்டு வாங்கத்தே, மாமாவை நான் கோட்டுக்குள்ளயே வெச்சுக்கறேன்" என்று அண்ணி சொல்லிவிட்டாள். ஆகவே இந்த உறையில் தபால் தலை இல்லை, பார்த்திருப்பாய். கடிதத்தைக் கொண்டுவந்தவள் உன் எதிரில்தான் நிற்கிறாள்.

நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பால் கொடுப்பதை வாய்விட்டுச் சொல், மறந்துவிடாதே. படித்து முடித்ததும் குழந்தையை அம்மா கையில் கொடுத்துவிட்டு நீ ஸ்கேனுக்குக் கிளம்பு.

இப்படிக்கு,
உன் அப்பா