நாலாவது இன்ஜெக்டர்

அக்காவுக்கு,

அப்பாவின் கார் இன்ஜினைப் பிரித்துக் கோத்துவிட்டேன். இடுப்பே ஒடிந்துவிட்டது. இன்ஜெக்டர் மட்டும்தான் பாக்கி. பழைய நான்கும் பெட்ரோலைத் தெளிக்காமல் ஒழுக்குகின்றன.

கடைக்காரர் புதுசில் ஒரு செட், கழுவிச் சரிசெய்ததில் ஒரு செட் கொடுத்தனுப்பினார். எதைப் போடுவது என்று அப்பாதான் சொல்லவேண்டும். இந்தப் பட்டறையில் அவர் காதுதானே மீட்டர்! கழுவிய செட்டை மேசையில் வைத்து டெஸ்டரைப் போட்டேன்; வயரில் கரண்ட் வந்தால்தான் இன்ஜெக்டர் டிக்டிக்கென்று அடிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையை ஒவ்வொன்றிலும் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"நாலும் ஒரே மாதிரி டிக்டிக்குனு அடிக்குதும்மா. இதையே போடு."

நாலாவதற்கு நான் வயரே மாட்டவில்லை. களைப்பில் மறந்திருந்தேன்.

"சரிப்பா" என்றேன். புதுசைத்தான் மாட்டினேன், அவரிடம் சொல்லவில்லை.

போன மாதம் நீ போனில் மன்னிப்புக் கேட்டும் வாயே திறக்காமல் வைத்துவிட்டார், கல்நெஞ்சு என்று அழுதாயே. அன்று என்னிடம், "லைன் சரியில்ல, யாருன்னே தெரியல" என்றார். வீம்புக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நடை வந்துவிட்டுப் போ அக்கா. அன்று சொன்னதை அவர் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் சத்தமாக, இன்னொரு தடவை சொல்.

உன் தங்கச்சி