கோகிலா படித்த சீட்டு

2026 ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டைப் பிற்பாடு யாராவது பார்த்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்து மேடும் பள்ளமுமாகத்தான் போகும். வயது அறுபத்தைந்து, எழுதக் கற்று ஏழு மாதம். மிளகு பறித்த விரல் பேனாவை நசுக்குகிறது.

ஆனாலும் இன்றைக்கு எழுதாமல் முடியாது. புத்தாண்டு ஆராதனையில் எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். அதில் அச்சடித்திருக்கும் வசனம்தான் அந்த வருசத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்லும் சொல். இருபது வருசமாக என் சீட்டை யாராவது படித்துச் சொல்வார்கள். இந்த வருசம் நானே படித்தேன். எழுத்துக் கூட்டி, சத்தமாக. போதகர் காத்துக்கொண்டு நின்றார். பின்னால் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

பரலோகத்தில் என் மகன் முரளியைப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் சொல்வேன். அப்பன் படிச்சுட்டேன் சாமி.

ஜனவரி 7

செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஒரு போர்டு விடாமல் படித்தேன். கட்டணக் கழிப்பிடம் உட்பட.

ஜனவரி 11

பழைய சீட்டுகளை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். 2017 வந்தது.

அந்தப் புத்தாண்டில் மகன் முரளிக்குக் கடும் காய்ச்சல். பத்தொன்பது வயது. நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். எனக்காக ஆராதனைக்குப் போய்ச் சீட்டு எடுத்து வந்தவள் மகள் கோகிலா. பன்னிரண்டு வயது. "இவன் சாகமாட்டான், பிழைப்பான்னு போட்டிருக்குதுங்கப்பா" என்று படித்தாள். மூன்றாம் தேதி நர்ஸம்மா ஆம்புலன்ஸோடு வந்து, நாமக்கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். ஆண்டவர் சொல்லிவிட்டார் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினேன். ஐந்தாம் தேதி முரளி போய்விட்டான்.

பிழைப்பான் என்றது மறுமையைத்தான் என்று ஒன்பது வருசம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சீட்டில் சாவும் இல்லை, பிழைப்பும் இல்லை. போக வேண்டிய வழியை ஆண்டவர் காட்டுவார் என்று இருக்கிறது. நாலு தடவை படித்துவிட்டேன். வழி வாசலில் கதவைத் திறந்துகொண்டு நின்றதே. நான்தானே போகச் சொன்னேன்.

ஜனவரி 12

எழுதப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13

மனைவி பொன்னம்மாளிடம் சொன்னேன். மகன் போன நாளிலிருந்து அவள் சபைக்கு வருவதில்லை. காய்கிற மிளகைத் துழாவிக்கொண்டே கேட்டாள். "புள்ள பொய் சொன்னா. வண்டியத் திருப்பி உட்டது நீங்க. மேல போனதும் அவன் கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

அவளைச் சபைக்கு வா என்று இனி எந்த வாயால் கூப்பிடுவேன்?

ஜனவரி 16

தம்பி வெங்கிடுசாமி காதுக்குப் போய்விட்டது. நான் வேதத்துக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு என்மேல் ஆகாது. டீக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் கேட்டான். "ஏனுங்கண்ணா, எனக்கும் ரெண்டு நாளாத் தலவலி. ஒரு சீட்டு எடுத்துக் குடுங்களே." நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜனவரி 24

கோகிலா ராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருசம். ஒரு தடவை கூட மலையேறி வந்ததில்லை. உன்மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் போனேன். பஸ் மலை இறங்கிய வளைவெல்லாம் அதையே சொல்லிப் பார்த்தேன். என் கையில் சீட்டைக் கண்டதும் அவள் முகம் செத்துப்போனது. என் வாயில் வந்தது வேறு.

"ஏம்புள்ள அப்படிப் படிச்ச?"

"நீங்க அழுதீங்கப்பா." சீட்டை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். பிறகு, "ஒம்பது வருசமா ஒரே ஜெபமுங்க. நீங்க படிக்கக் கத்துக்கவே கூடாதுன்னு."

எழுந்து வந்துவிட்டேன். சொல்லப் போனதைச் சொல்லவில்லை. ஏன்? கோபம். பன்னண்டு வயசுப் புள்ள மேல கோபம். நான் மனுசனா?

பிப்ரவரி 5

நாலு நாள் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த ராதிகா டீச்சர் பிழை திருத்தித் தருகிறேன் என்றார். காட்டவில்லை. இவ்வளவுதான் எழுதியது:

கோகிலா கண்ணு, வண்டியை அனுப்பியது நான். நீ படித்தது அனுப்பவில்லை. அங்கே முரளியைப் பார்க்கும்போது நான்தான் முதலில் பேசுவேன். நீ வாய் திறக்க வேண்டியதில்லை. அப்பா.

பிப்ரவரி 19

என் பெயருக்குக் கடிதம் வந்தது. வாழ்நாளில் முதல் கடிதம். படித்துச் சொல்லட்டுமா என்றார் தபால்காரர். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

அப்பா, நீங்கள் முதலில் பேசினாலும் அண்ணன் என்னைத்தான் பார்ப்பான். இனிமேல் எனக்கு எழுதாதீர்கள்.

பொன்னம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "புள்ள என்னங்க எழுதியிருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டுகிற மாதிரியே விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சுகமாக இருக்கிறாளாம். மழைக்கு முன்னால் வருவாளாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாளாம்.

பொன்னம்மாள் உட்கார்ந்துவிட்டாள். உங்க சாமி நல்லா இருக்கட்டும் என்றாள்.

எழுதாதே என்று சொல்லியிருக்கிறாள். ஆனாலும் இன்று நான் பொன்னம்மாளுக்குப் படித்ததை ஒரு சொல் விடாமல் கோகிலாவுக்கு எழுதத்தான் வேண்டும். கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை எழுதுவேன்.