புளிமேட்டு மடைநங்கைத் தேர்வு குறித்துப் புன்னைநாட்டார்க்கு விடுத்த ஓலை

வெள்ளம் கரைக்குள் நிற்க. விளைச்சல் களத்தை நிறைக்க. நெடுவரை நாட்டின் ஏழூர்க்கும் இறைவர், எதிர்த்தார்க்கு இடி, அடைந்தார்க்கு நிழல், கோ அரிமாச்சாத்தர் அரியணை வீற்றிருக்க, அவர் திருவாய்மொழி தலைமேற்கொண்டு, தலைமை அமைச்சர் கண்ணந்தை, கடலோரப் புன்னைநாடு காக்கும் குறுநிலத் தலைவரும் உப்பளங்களுக்கும் ஓடத்துறைகளுக்கும் உடையவருமான எயினன் பெருஞ்சாத்தனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கோயிலும் கால்நடைக் கொட்டிலும் குறைவின்றி விளங்குக. தங்கள் கலங்கள் போன வழியே திரும்புக.

புளிமேட்டில் ஆண்டுதோறும் நடக்கும் மடைநங்கைத் தேர்வைப் போலத் தங்கள் துறைநகரிலும் ஓர் அழகித் தேர்வு நடத்த இசைவு வேண்டும் என்றும், அதனை எள்ளி நகையாடிக் கொற்றி என்பாள் ஆடும் கூத்தையும் உடன் அனுப்ப வேண்டும் என்றும், முக்கியமாகப் புகைக் காட்சியைக் குறைக்காமல் ஆட வேண்டும் என்றும் தங்கள் தூதர் வழி கேட்டிருந்தீர்கள். அரசர் இசைந்தார். இசைவு இவ்வோலையின் இறுதியில் உள்ளது. அதற்கு முன் அந்தக் கூத்து பிறந்த கதையையும் அதை ஆடுகிறவளின் நிலையையும் தாங்கள் அறிய வேண்டும் என்று அமைச்சர் கருதுகிறார். அறிவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

புளிமேடு பெரிய ஊர் அன்று. ஓர் ஏரி, ஒரு மாட்டுச் சந்தை, தன்னைத் தலைநகர் வீதியென்று நினைத்துக்கொள்ளும் ஒரு கடைத்தெரு; அவ்வளவே. ஏரி மடை திறக்கும் நாளில் ஊரின் பேரழகியைத் தேர்ந்து, அவள் கைப்பட மதகைத் தூக்கச் செய்வது அங்கே நெடுநாள் வழக்கம். அவளுக்கு மடைநங்கை என்று பெயர். அவள் வீட்டு வயலுக்கு அந்தப் பருவத்தின் முதல் நீர் உரியது. ஏரி ததும்பிய காலத்தில் அது வெறும் மரியாதையாக இருந்தது. மழை ஏமாற்றத் தொடங்கிய பிறகு அதுவே சோறாயிற்று. முதல் நீர் கிடைத்த வீட்டில் உலை கொதித்தது. மற்ற வீடுகளில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அழகைத் தேர்வது யார் என்ற கேள்வி வந்தபோது, எதையாவது பார்த்துத் தரம் சொல்லிப் பழகியவர்கள் அவ்வூரில் மாட்டுத் தரகர்கள் மட்டுமே என்பது தெரிந்தது. ஆகவே தரகர் தாமனும் அவர் கூட்டாளிகள் இருவரும் நடுவர்கள் ஆனார்கள். தங்களுக்குத் தெரிந்த முறையிலேயே அவர்கள் வேலையைச் செய்தார்கள். பெண்களின் பல்லைப் பார்த்தார்கள். கரைமேல் நடக்கவிட்டார்கள், திருப்பியும் நடக்கவிட்டார்கள். பிடரியில் சுழி உண்டா என்று கூந்தலை ஒதுக்கிப் பார்த்தார்கள். கடைசியில் மூவரும் ஒரு துண்டுக்குள் கைகளை விட்டு, சந்தையில் காளைக்கு விலை பேசுவது போலவே விரல் பிடித்துப் பேசி முடிவுக்கு வந்தார்கள். இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. தாமன் தங்கமான மனிதர். தம் வாழ்நாளில் ஒரு மாட்டைக்கூட அவர் கை நீட்டி அடித்ததில்லை.

பெண்களைப் பெற்றவர்கள் பாடுதான் பெரும்பாடு. வெயில் பட்டு நிறம் கறுத்தால் முதல் நீர் போயிற்று என்று பெண்களைப் பல மாதம் அறைக்குள் பூட்டி வைத்தார்கள். இடை மெலிய ஒருவேளைச் சோற்றை நிறுத்தினார்கள். மெலிந்தவளைப் பார்த்துத் தாமன் எலும்பு தெரிகிறதே என்று உதட்டைப் பிதுக்கியதும், மறு ஆண்டு எல்லா வீட்டிலும் எள்ளுருண்டையை வாயில் திணித்தார்கள். தோற்ற பெண்ணை வீட்டார் ஒரு சொல்லும் திட்டவில்லை. வறண்ட வயலைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள், அதைவிடத் திட்டியிருக்கலாம்.

இந்த ஊரில்தான் கொற்றி பிறந்தாள். நகைக்கூத்து அவள் தொழில். அவள் முகத்தைச் சற்றே கோணினால் போதும், அழுகிற பிள்ளையும் சிரிக்கும். கணவனை இழந்த அவளுக்கு அலரி என்றொரு மகள். கணவனின் அண்ணன் நாகன் உழும் கடைமடை நிலம்தான் அந்தக் குடும்பத்தின் பிழைப்பு. கடைமடைக்கு நீர் வந்து சேர்வதற்குள் ஏரியே வற்றிவிடும். அலரிக்கு வயது வந்ததும், அடுத்த ஆண்டு தேர்வில் அவள் நிற்க வேண்டும் என்று நாகன் முடிவு செய்தார். விதைநெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்ற வீட்டில் அவரை எதிர்த்துப் பேச எவருக்கும் வாய் எழவில்லை, கொற்றிக்கும் எழவில்லை.

பேச முடியாததை ஆடிக் காட்டலாம் என்று அவள் நினைத்தாள். மகள் அந்தக் கரையில் ஏறுவதற்குள் அந்தத் தேர்வையே ஊர் காறித் துப்பும்படி செய்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. தன்னிடம் இருந்த ஒரே கருவியைத் தீட்டத் தொடங்கினாள். அப்படிப் பிறந்ததுதான் தாங்கள் கேட்டிருக்கும் கூத்து.

அதில் மூன்று தரகர்கள் அழகியைத் தேடிப் புறப்படுகிறார்கள். வரிசையில் தவறி வந்து நிற்கும் ஒரு கிழட்டு எருமையின் நடையில் மயங்குகிறார்கள். எருமைக்கும் ஒரு பெண்ணுக்கும் போட்டி இறுகுகிறது. அப்போது தலைமைத் தரகர், மிரளாத மாடே நல்ல மாடு என்று சொல்லி, கனல்சட்டியில் மிளகை அள்ளிப் போட்டு இருவர் முகத்துக்கும் நேரே நீட்டுகிறார். கண் மூடாதவளே அழகி என்கிறார். பெண் தும்மித் தடுமாறுகிறாள். எருமை அசை போட்டபடி நிற்கிறது. மாலை எருமைக்கு விழுகிறது. இப்படியொரு சோதனை புளிமேட்டில் அதுவரை நடந்ததில்லை. இதற்கு மேல் கிறுக்குத்தனம் இல்லை என்று காட்டுவதற்காகக் கொற்றி தன் தலையிலிருந்து எடுத்து வைத்தது அது.

சந்தைத் திடலில் கூத்தை ஆடினாள். ஊர் வெட்கித் தலை குனிந்து வீடு திரும்பும் என்று எதிர்பார்த்தாள். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எண்ணெய் வாணிகர் முக்காலியோடு சாய்ந்து விழுந்தார். தாமனோ திரைக்குப் பின்னால் வந்து, கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, தம் வேடத்துக்குத் தலைப்பாகை சரியாகக் கட்டவில்லை என்று அன்போடு குறை சொல்லி, தம் பகுதியை இன்னும் கொஞ்சம் நீட்டினால் நன்றாயிருக்கும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில், விழுந்து விழுந்து சிரித்த அதே தாய்மார்கள் தங்கள் பெண்களுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூத்தின் புகழ் அரண்மனைக்கு எட்டியது, கொற்றி வரவழைக்கப்பட்டாள். அரசரும் அவையும் சிரித்து மகிழ்ந்தனர். பரிசில் எது வேண்டும் என்று அரசர் கேட்க, அந்தத் தேர்வை நிறுத்தி ஆணையிட வேண்டும் என்று அவள் தரையில் விழுந்து வேண்டினாள். அரசர் கனிவோடு மறுமொழி அருளினார்: தேர்வு நின்றுபோனால் கூத்து எதைப் பார்த்து நகைக்கும், இத்தகைய கலையைப் பெற்றெடுத்த வழக்கைத் தாமே அழிப்பது முறையாகுமா என்றார். அவை அதை மெச்சியது. கொற்றி பட்டாடை ஒன்றைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பினாள்.

அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அயலூர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது. கூத்தைப் பார்த்தவர்கள் மெய்யான தேர்வைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். கரையில் நின்ற பெண்களுள் அலரியும் இருந்தாள். பல் பார்த்தார்கள், நடக்கவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ புகையைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுக்க, எல்லோரும் அதையே கேட்கத் தொடங்கினார்கள். தாமனுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கனல்சட்டி வந்தது.

கொற்றி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். அது கூத்துக்காகத் தான் கட்டிச் சொன்னது, உண்மை இல்லை என்று கத்தினாள். தாமன் அவளுக்கு மரியாதையாகவே பதில் சொன்னார். அவர் வாய்ச்சொல்லை அங்கிருந்த கணக்கர் அப்படியே சொல்லக் கேட்டு எழுதுகிறோம்: "நீ கட்டினதுதான் தாயி, யாரு இல்லைன்னா? இத்தனை வருசம் எங்களுக்கு இது தோணலையே." சுற்றி நின்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

மற்றப் பெண்கள் புகை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அலரியும் திருப்பியிருக்கலாம், தாய் திருப்பச் சொல்லித்தான் கதறினாள். அந்தப் பெண்ணின் பார்வை கரைக்குக் கீழே போயிற்றாம். அங்கிருந்து பார்த்தால் கடைமடை வயலில் நாற்று மஞ்சளித்துக் கிடப்பது தெரியும். அவள் கண்ணை மூடவில்லை. கனலில் மிளகு வெடித்துத் தெறித்தது, அப்போதும் மூடவில்லை. துண்டுக்குள் கையை விட வேண்டிய தேவையே அவ்வாண்டு நடுவர்களுக்கு ஏற்படவில்லை. தாய் கைபிடித்து நடத்திக்கொண்டு போக, அலரி மதகைத் தூக்கினாள்.

கடைமடையில் அவ்வாண்டு நல்ல விளைச்சல். நாகன் முதற்கதிரைக் கொண்டுவந்து அலரியின் கையில் வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுடைய ஒரு கண் போய்விட்டது. மற்றதில் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் வேற்றுமை தெரியும், அதற்கு மேல் மீளாது என்று அரண்மனை மருத்துவர் கூறினார்.

தங்கள் வேண்டுகோள் வந்த பின், கொற்றியை அழைத்து வருமாறு அரசர் அமைச்சரையே புளிமேட்டுக்கு அனுப்பினார். அவள் முகம் காய்ந்து கிடந்தது. தங்கள் நாட்டார் அவள் கூத்தை விரும்புவதை அமைச்சர் எடுத்துரைத்தார். அவள், இனிக் கூத்தாடப் போவதில்லை என்றும், ஊரைக் கூட்டினால் வேடமின்றி வெறும் வாயால் ஒரு சொல் சொல்ல விரும்புவதாகவும் கூறினாள். அமைச்சர் உடன்பட்டுப் பறை அறைவித்தார். ஊர் முழுதும் சந்தைத் திடலில் கூடியது.

கொற்றி அரிதாரம் பூசவில்லை, சலங்கை கட்டவில்லை. மகளைக் கையில் பிடித்து அழைத்துவந்து நடுவில் நிறுத்தினாள். அவள் சொன்னவை அமைச்சர் தம் செவியால் கேட்டவை. ஒரு சொல்லும் மாற்றப்படவில்லை. "இது கூத்து இல்ல. எம் மகளைப் பாருங்க. இவ கண்ணைப் பறிச்சது நான் மூட்டின சிரிப்பு. உங்க கால்ல விழறேன், இதை நிறுத்துங்க. அடுத்த வருசம் உங்க வீட்டுப் புள்ளையும் இப்படித்தான் தடவிக்கிட்டு நிக்கும்." இவ்வளவு சொல்வதற்குள் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகம் கோணியது.

அந்தக் கோணல் ஊருக்குப் பழக்கமானது. முன்வரிசையில் ஒருவர் கிளுக்கென்று சிரித்தார். இது கூத்து இல்லை என்று அவள் மறுபடியும் சொன்னாள்; சிரிப்பு பின்வரிசை வரைக்கும் பரவியது. நெஞ்சில் அறைந்துகொண்டாள், தாளம் தப்பாமல் அறைகிறாள் என்று பாராட்டினார்கள். அமைச்சர் எழுந்து கையமர்த்தினார். அவரையும் ஒரு வேடமென்றே எண்ணிக் கைதட்டினார்கள். அலரி ஒன்றும் தெரியாமல், சத்தம் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அத்தனை பேரில் ஒருவராவது சிரிக்காமல் இருந்தாரா என்று அமைச்சர் தேடிப் பார்த்தார். நாகன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு திடலைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் கொற்றி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நான் எதைச் சொன்னாலும் சிரிக்கிறாக ஐயா. எங்கே வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க." அமைச்சர் வண்டியைத் தலைநகருக்கு விரையச் சொன்னார்.

அமைச்சர் இவையெல்லாவற்றையும் அரசரிடம் ஒளிக்காமல் எடுத்துரைத்து, தேர்வைத் தடை செய்ய வேண்டும் என்று மன்றாடினார். அரசர் கொடியவர் அல்லர். அலரியின் கண்ணைப் பற்றிக் கேட்டபோது அவர் முகம் வாடியது. அவளுக்கு வாழ்நாள் முழுதும் அரண்மனைச் சோறு என்று அறிவித்தார். ஆயினும் மழை பொய்த்த நாட்டில் மக்களுக்கு எஞ்சியிருப்பது சிரிப்பு ஒன்றே என்றும், அதையும் பறிப்பது செங்கோலுக்கு இழுக்கு என்றும் கூறினார். பிறகு, அமைச்சர் சொன்னவற்றுள் திடலில் நடந்ததை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அமைச்சர் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது என்பது அரசர் முகத்தைப் பார்த்த பிறகே தெரிந்தது.

அரசாணைக்குக் கீழே அமைச்சன் சொல் நிற்பது மரபன்று. ஆதலால் சொல்ல வேண்டியவை எல்லாம் மேலேயே சொல்லப்பட்டன. பெருந்தகையீர், தங்கள் துறைநகரிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

இனி அரிமாச்சாத்தர் ஆணை. புளிமேட்டில் நடப்பது போன்ற அழகித் தேர்வை ஏழூரிலும் புன்னைநாட்டிலும் ஆண்டுதோறும் நடத்துக. கூத்தாடும் கொற்றியைத் தக்க வரிசைகளோடு வரவேற்று, தேர்வின் தலைமை நடுவராக அமர்த்துக. தேர்வு முடிந்ததும் அவள் கூத்தைப் புகைக் காட்சியோடு முழுதும் ஆடச் செய்க. அரிமான் இலச்சினை பொறித்த இவ்வோலையைத் தலைமேற்கொண்டு இவ்வண்ணமே செய்க. மகளை நடுவில் நிறுத்தி அவள் அழும் புதிய பகுதி மிக நன்றாக அமைந்துள்ளது எனக் கேட்டோம். அதை எவ்வூரிலும் விடாது ஆடச் செய்க.