உடன் வந்தவர்

மயிலாப்பூர்,
பிப்ரவரி 12

என் கண்ணு ஜுவேரியாவுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலமாகத்தான் இருக்கிறேன், இதில் பொய் இல்லை, ஆனால் முழுக்கப் படி. நீயும் மாப்பிள்ளை ஜீஷானும் என் பேத்தி ஆயத்தும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், வீடியோவில் உன் முகம் வாடினால் நான் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவேன், அதனால்தான் காகிதம்.

இரண்டு மாதமாகத் தலைவலி, துணி வெட்டும்போது சாக்பீஸ் கோடு இரண்டாகத் தெரிந்தது. ஒரு பிளவுஸைக் கோணலாக வெட்டிய பிறகுதான் டாக்டரிடம் போனேன், திட்டாதே. அவர் மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார், நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பது. போன செவ்வாய்க்கிழமை நம் கடைக்குத் துணி மூட்டை ஏற்றி வரும் சைதாப்பேட்டை வேலுவின் ஆட்டோவில் அபிராமபுரத்து ஸ்கேன் சென்டருக்குப் போனேன். நாலு மணி நேரம் வெறும் வயிறு என்றார்கள், நோன்பு வைக்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு கணக்கா. கவுண்டரில் ஒரு ஃபாரம், உடம்புக்குள் பேஸ்மேக்கர் உண்டா பிளேட் உண்டா, கிட்னிக்கு ரத்தம் பார்த்தாயிற்றா என்று வரிசையாகக் கேள்வி, கடைசியில் உடன் வந்தவர் பெயர், உறவு, போன் நம்பர். என் கை பாட்டுக்கு ஜுவேரியா, மகள் என்று எழுதி உன் பழைய நம்பரையும் போட்டுவிட்டது. நீ காலேஜ் போன நாளிலிருந்து கேஸ், ரேஷன், பேங்க், உன் அம்மாவின் கடைசி ஆஸ்பத்திரி ஃபாரம் வரைக்கும் அதைத்தானே எழுதி வந்திருக்கிறேன். ஓடிபி வருமே என்று அந்த சிம்மை இன்னொரு போனில் போட்டுப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஓடிபிக்காக மட்டும் இல்லை.

மருந்து ஏற்றக் கூட வந்தவர் கையெழுத்து வேண்டும் என்று கவுண்டரில் இருந்த ரத்னா உன்னைக் கூப்பிட்டாள். என் பைக்குள் உன் போன் அடிக்கிறது, ஹால் முழுக்க என்னைப் பார்க்கிறது. இன்னா பாய், பொண்ணு போனு உங்க பைலயே அடிச்சிக்கினு கீது, பொண்ணு எங்க என்று கேட்டாள். கனடா என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆள் இல்லாமல் ஊசி போட மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னதால் வேலுவைத் திரும்ப வரவழைத்தேன். உறவுன்ற எடத்துல இன்னா எழுதறது பாய் என்றான், நண்பர் என்று எழுதச் சொன்னேன். உன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே அவன் பெயரை எழுதினார்கள், அது எனக்கு என்னவோ போல் இருந்ததம்மா.

உள்ளே மோதிரம், வாட்ச், பல்செட் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். என் காலரில் மூன்று குண்டூசி இருந்ததைக் கண்டு டெக்னீஷியன் அம்மா அதிர்ந்துபோனார், நான் டெய்லர் என்று சொல்லிப் பார்த்தேன், டோஸ் குறையவில்லை. மாட்டிவிட்ட அங்கிக்கு ஓரம்கூட மடித்துத் தைக்கவில்லை, என் கடையில் யாராவது அப்படித் தைத்தால் நடப்பதே வேறு. காதில் பஞ்சு வைத்தும் நாலு மிஷின் சேர்ந்து ஜீன்ஸ் தைக்கிற மாதிரி சத்தம், முக்கால் மணி நேரம் அசையக் கூடாது, மருந்து ஏறும்போது கை மட்டும் சில்லென்றது. பயமாக இருந்தால் அமுக்குங்கள் என்று ஒரு ரப்பர் பல்பைக் கையில் கொடுத்திருந்தார்கள். பயமாகத்தான் இருந்தது, ஆனால் அமுக்கவில்லை. அமுக்கினால் நீயா வரப்போகிறாய்.

சாயங்காலம் உன் போனுக்குச் செய்தி வந்தது, ஃபாரத்தில் அடித்தார்களே தவிர கம்ப்யூட்டரில் நீதான் இருந்திருக்கிறாய். ஜுவேரியா, உங்கள் தந்தையின் ரிப்போர்ட் தயார் என்று போட்டிருந்தது. உனக்கு வந்ததை நான் உட்கார்ந்து நாலைந்து தடவை படித்தேன். மூளைக்கு மேலே இருக்கும் உறையில் சின்னதாக ஒரு கட்டியாம், பெரும்பாலும் கெட்டது இல்லை, இப்போது தொட வேண்டாம், வளர்கிறதா என்று ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கோடு இரண்டாகத் தெரிவதற்கு வேறு கண்ணாடி போட்டாயிற்று, இப்போது ஒன்றுதான். பயப்படாதே. நான் கொஞ்சம் பயப்படுகிறேன், அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது, வா என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை, உன் வேலை, குழந்தை படிப்பு என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். இந்தத் தடவை சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நிம்மதியும் தரட்டும். ஆயத்துக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. ஒன்று மறக்காதே, ஆகஸ்ட் ஸ்கேனுக்கு ரத்னாவிடம் இப்போதே ஒரு ஃபாரம் வாங்கி வந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், அந்தக் கடைசி வரியைத் தவிர. அதை உன் கையால் நீ வந்து எழுது.

உன் அத்தா,
அப்துல் கய்யூம்