ஏழு வாள் அலமாரியும் என் இடுப்பும்

போர்ட் சயீத்
14 மார்ச் 1962

என் கண்ணான மகள் இந்திசாருக்கு உன் உம்மா நபவிய்யா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உன் வாப்பாவும் வாப்பாவின் மீசையும் கூண்டில் இருக்கிற ஆறு புறாக்களும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குவைத் வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்கிறார்களா என்று எழுது. நீ அனுப்பிய பெருநாள் துணி வந்து சேர்ந்தது, நல்ல துணி, நல்ல நிறம், ஆனால் உம்மாவுக்கு இவ்வளவு போதும் என்று உனக்கு யார் சொன்னது? நீ என்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது, அதையும் கணக்கில் வைத்துத் துணி எடுக்க வேண்டாமா? தையல்காரி விரித்துப் பார்த்துவிட்டு, சட்டை தைக்கட்டுமா கைக்குட்டை தைக்கட்டுமா என்று கேட்கிறாள். போகட்டும். பேரீச்சம்பழம் வைத்த கஹ்க் பலகாரம் ஒரு டின் நிறையச் சுட்டு, குவைத்துக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பொறியாளர் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவர் வழியில் தின்றுவிடாமல் இருக்க மேலே நாலு வரிசை உப்பு ரொட்டி அடுக்கியிருக்கிறேன், ஏமாந்து மூடிவிடாதே, அடியில் பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். இந்த வீட்டில் புறா முட்டையிட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும். உம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது, இன்னும் எதற்கு அவளை அலமாரிக்குள் ஏற்றி வாள் செருகுகிறீர்கள், ஓய்வு கொடுங்கள், சித்தப்பா மகள் ஃபிக்ரியா சும்மாதானே இருக்கிறாள், அவளைப் பழக்குங்கள் என்று எழுதியிருந்தாய். நல்லதுக்குத்தான் எழுதினாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மகளே, வாப்பாவின் வித்தை மேடையில் இருபத்து நான்கு வருஷம் நான் நின்ற இடம் அது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுதினாயே என்று இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், மூன்றாம் நாள் கஹ்க் மாவு பிசைந்ததில் கொஞ்சம் தணிந்தது.

உன் வாப்பாவைச் சொல்ல வேண்டும். ஆயிரம் பேர் முன்னால் நின்று மணிக்கணக்காகப் பேசுகிற மனிதருக்கு என்னிடம் ஒரு விஷயம் சொல்ல வாய் வரவில்லை. நூல் எடுத்து அலமாரிக் கதவை அளந்தார், என்னைப் பார்த்தார், புறாவைப் பார்த்தார், பிறகு மரம் கொஞ்சம் சுருங்கிவிட்டது போல என்றார். சுருங்கிய மரம் என் பக்கம் மட்டும் சுருங்கியதா என்று கேட்டேன். கடைசியில் உன் கடிதத்தை எடுத்து, ஏதோ கோர்ட் உத்தரவு வாசிக்கிற மாதிரி வாசித்தார். அன்றைக்கே ஃபிக்ரியா வந்துவிட்டாள். ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறாள், பாவம், தங்கமான பெண், அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவர் மொட்டைமாடி அறையில் அவளை ஏற்றி இறக்கிப் பத்து நாள் ஒத்திகை பார்த்தார். நான் கீழே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சொல்லாதது என்ன என்று உனக்கு இப்போது சொல்கிறேன், இந்த வீட்டில் பிறந்தும் உனக்கு இது தெரியாது. அந்த அலமாரிக்குள் ஒரு பொய் முதுகு உண்டு. ஆள் உள்ளே போனதும் பின்பலகையை அழுத்தினால் அது கதவு மாதிரித் திறக்கும், அதன் பின்னால் ஒடுங்கி நின்றுகொண்டு குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் வாப்பா ஏழு வாளையும் செருகுவார், பிறகு கதவைத் திறந்து காலியாகக் காட்டுவார். இவ்வளவுதான். ஆனால் உன் வாப்பாவுக்கு வித்தை கற்றுக் கொடுத்த உஸ்தாது ஒரு விதி சொல்லிக் கொடுத்திருக்கிறார். மேடைக்காரன் ஒருநாளும் பெட்டிக்குள் பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டால் அவன் கண் தானாக அந்த இடத்துக்குப் போகும், அவன் கண் போகிற இடத்துக்கு ஜனங்களின் கண்ணும் போகும், குட்டு உடைந்துவிடும் என்று. ஊரை விட்டுப் போன ஓர் இத்தாலியக்காரரிடம் அந்த அலமாரியை வாங்கினதிலிருந்து இவர் அதற்குள் தலையை நீட்டியதே இல்லை. பூட்டுப் பழுது, ஆணி, சாயம், உள்ளே எல்லாம் நான்தான். அந்தப் பலகை பதினோரு வருஷமாகச் சரியில்லை. நம் ஊர்க் கடல்காற்றில் ஓர் இரவு கிடந்தாலே மரம் ஊறிச் சட்டத்தில் இறுகிக்கொள்ளும். கையால் தள்ளினால் அசையாது. இடது மூலையில் இடுப்பை வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, முழுப் பாரத்தையும் கொடுக்க வேண்டும். அதற்குப் பாரம் வேண்டும், மகளே. நான் எதற்குப் பெருத்துவிட்டேன் என்று இவர் கவலைப்பட்டாரோ அதுதான் பதினோரு வருஷமாக இவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மொட்டைமாடி அறையின் வெயில் சூட்டில் மரம் காய்ந்து கிடந்ததால் ஒத்திகையில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்கிற வீம்பில் வாயை மூடிக்கொண்டேன். அது தப்புத்தான், உனக்கு எதற்கு மறைக்க வேண்டும்.

பெருநாள் இரண்டாம் நாள் பகல் காட்சி. கடற்கரையோரக் கொட்டகையில் நிற்க இடமில்லை. நான் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, கறுப்பு மிலாயாவை முகம் வரைக்கும் போர்த்திக்கொண்டு மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன், மடியில் ஒரு பொட்டலம் பூசணி விதை. வாழ்க்கையில் முதல் தடவை உன் வாப்பாவை முன்னாலிருந்து பார்க்கிறேன். பொய் சொல்ல மாட்டேன், ராஜா மாதிரித்தான் இருந்தார். வாலிபத்தில் துறைமுகத்தில் கலி கலி என்று மந்திரம் சொல்லிக் கப்பல்காரர்களின் பாக்கெட்டிலிருந்து எடுத்த மாதிரியே ஒரு கோழிக்குஞ்சை ஒரு ஆபீசரின் தொப்பியிலிருந்து எடுத்தார், புறா பறந்தது, கயிறு துண்டாகித் திரும்ப ஒன்றானது. பிறகு அலமாரி. ஃபிக்ரியா வெள்ளை உடையில் ஏறிச் சலாம் போட்டு உள்ளே போனாள், கதவு சாத்தியாயிற்று. இவர் முதல் வாளைக் கையில் எடுத்துக்கொண்டு தட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். தட்டு வரவில்லை. முந்தின நாளே கொண்டுவந்து கடல் பக்கத்துக் கதவோரம் வைத்த அலமாரி அது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், சிரித்துக்கொண்டு இன்னொரு விதையை உடைத்தேன்.

உன் வாப்பா பேச ஆரம்பித்தார். தட்டு வருகிற வரைக்கும் ஜனங்களைப் பிடித்து வைக்க வேண்டுமே. பிரமிடு கட்டிய ராஜாவின் சபையில் ஒரு கிழவர் வாத்தின் தலையை வெட்டித் திரும்ப ஒட்ட வைத்ததாகப் பழைய சுருளில் இருக்கிறதாம், அந்தக் கதையைச் சொன்னார். ராஜா ஒரு கைதியைக் கொண்டுவரட்டுமா என்று கேட்க, மனிதன் வேண்டாம், வாத்து போதும் என்றாராம் அந்தக் கிழவர். ஜனங்கள் கை தட்டினார்கள். தட்டு வரவில்லை. கடிகாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர் ஹூதான் அல்ஜீரியாவுக்குப் போய், ஒரு பெரிய பலசாலியை ஒரு சின்னப் பெட்டியைத் தூக்க முடியாமல் திணற அடித்த கதைக்குப் போனார். அடியில் இருந்தது மின்காந்தம் ஐயா, அது தெரியாமல் அந்த மனிதன் பட்ட பாடு என்று நடித்தும் காட்டினார். அந்த ஹூதான் பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்துத் தனக்கு வைத்துக்கொண்ட ஹூடினி, கைவிலங்கு கால்விலங்குகளை எல்லாம் உதறி வெளியே வந்ததைச் சொன்னார். லண்டனில் எகிப்து மண்டபம் என்று ஒரு வித்தைக் கொட்டகை இருந்ததாம், நம் நாட்டுப் பெயரை நெற்றியில் எழுதிவிட்டு உள்ளே வெள்ளைக்காரர்களே வித்தை காட்டினார்களாம், வாடகையாவது நமக்குக் கொடுத்தார்களா என்று கேட்டார். நல்ல சிரிப்பு. தட்டு வரவில்லை. சீனக்காரன் வேஷத்திலேயே பாதி ஆயுளை ஓட்டி, மேடையில் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்து, துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கிற வித்தை தவறிய அன்றைக்குத்தான் இங்கிலீஷில் வாய் திறந்த அமெரிக்கக்காரர் கதைக்கு வந்தபோது பின்வரிசையில் விசில் கிளம்பிவிட்டது. வாளைச் செருகு உஸ்தாத், நாங்க பள்ளிக்கூடத்துக்கா வந்திருக்கோம் என்று ஒருவன் கத்தினான்.

அப்போது இவர் குரல் மாறியது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? கையில் வாள், முகத்தில் சிரிப்பு, மீசை நுனி மட்டும் நடுங்குகிறது. கதவைத் திறந்தால் ஃபிக்ரியா அப்படியே நிற்பாள். முப்பத்தைந்து வருஷம் கட்டிய பெயர், ஒரு மத்தியானத்தில் போய்விடும், மறுநாள் மீன் மார்க்கெட்டில் அதுதான் பேச்சு. அந்தப் பெண்ணும் உள்ளே மூச்சு முட்டி அழுதுகொண்டிருப்பாள். வீம்பு எங்கே போனது என்றே தெரியவில்லை, எழுந்துவிட்டேன்.

இதெல்லாம் ஏமாத்து வேலை, அந்த அலமாரி அட்டையா மரமா என்று நான் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று கத்திக்கொண்டே மேடைப் படியில் ஏறினேன். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. பாத்து ஏறுங்க மாமி, மேடை உடைஞ்சிடப் போகுது என்றான் அந்த விசில்காரன். உன் வாப்பா என் கண்ணைப் பார்த்தார், மிலாயாவுக்குள் இருக்கிற கண் யாருடையது என்று அவருக்கா தெரியாது, ஒரு அடி பின்னால் நகர்ந்து, தாராளமாகப் பாருங்கள் அம்மணி என்று குனிந்தார். நான் அலமாரியின் முன்பக்கத்தைத் தட்டினேன், வலது பக்கத்தைத் தட்டினேன், இடது மூலைக்கு வந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி இடுப்பால் ஒரு இடி இடித்தேன். சட்டம் நெளிந்தது, உள்ளே பலகை விட்டுக்கொடுத்தது, ஃபிக்ரியா பின்னால் போய் விழுந்த சத்தம் ஜனங்களின் சிரிப்பில் அமுங்கிப்போனது. நல்ல மரம்தான் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் என் இடத்துக்கு வருவதற்குள் இரண்டு தட்டு கேட்டது. ஏழு வாளும் உள்ளே போயின, கதவு திறந்தது, காலி. அந்தக் கைதட்டல் மாதிரி ஒன்றை நான் உள்ளே நின்று கேட்டதே இல்லை. என் உடம்பைப் பார்த்து அத்தனை பேர் சிரித்தார்களே என்று வருத்தமா என்று கேட்பாய். சிரிக்கட்டுமே, அந்தச் சத்தம் தேவைப்பட்டது.

மறுநாள் காலையில் கழுதை வண்டியில் அலமாரி வந்து முற்றத்தில் இறங்கியது. நான் காபியுடன் உட்கார்ந்திருந்தேன். அங்கே என்ன செய்தாய் என்று கேட்டார். சொல்ல மாட்டேன், உள்ளே போய்ப் பாருங்கள் என்றேன். உஸ்தாது விதி என்று இழுத்தார். விதி நேற்றே செத்துவிட்டது, மய்யித்தை அடக்கம் பண்ணியாயிற்று, ஏறுங்கள் என்றேன். தர்பூஷ் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினார். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். கொஞ்ச நேரம் தள்ளுகிற சத்தம், பிறகு முனகல், பிறகு மரியாதையாக ஒரு குரல், நபவிய்யா, திற என்று. காபியை முடித்துவிட்டுத் திறந்தேன். முகமெல்லாம் வேர்வை. சிரிப்பார் என்று நினைத்தேன், சண்டை போடுவார் என்றும் நினைத்தேன். அலமாரி விளிம்பிலேயே உட்கார்ந்தார்.

"இவ்வளவு இருட்டுலயா புள்ள இருபத்து நாலு வருஷமா நின்ன?" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒருநாள் கூட என்னை யாரும் அதைக் கேட்டதில்லை, மகளே, நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "இருட்டு என்ன செய்யும், இந்திசார் வாப்பா? நீங்க வெளிய பேசுறது கேட்டுக்கிட்டேதான் இருக்கும்" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. மனிதர் ஒரேயடியாக உருகிவிடக் கூடாதே என்று, அதுதான் கொஞ்சம் கஷ்டம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு இவராகவே சொன்னார், அலமாரிக் கதவை நான்கு விரற்கடை அகலப்படுத்து, பலகையை மட்டும் தொடாதே என்று. ஃபிக்ரியா இனி வாள் எடுத்துக் கொடுப்பாள், அவளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறது, உள்ளே போகச் சொன்னால் ஊரைவிட்டே ஓடிவிடுவேன் என்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை இஸ்மாயிலியாவில் காட்சி, ஜும்ஆ தொழுகை முடிந்து சாயந்தரம். யார் உள்ளே போகிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அல்லாஹ் உனக்கும் மாப்பிள்ளைக்கும் நீண்ட ஆயுளையும், மடி நிறையப் பிள்ளையையும், கெடாத சிரிப்பையும் கொடுக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும் என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குக் கூடக் காட்டாமல் கிழித்துவிடு, தொழில் ரகசியம். என் வயதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமென்று தோன்றினால் உறையின்மேல் என் பெயரை எழுது, வாப்பா பெயரை அல்ல. எனக்கும் வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
இன்னும் ஓய்வு பெறாத உன் உம்மா,
நபவிய்யா